ஐம்பத்தொரு சதவீத மகிழ்ச்சி

வெண்டல் ஹாகனின் விமானத்தில் பாக்கியிருந்த வேலைகள் மூன்றே மூன்று. எஞ்சின் மூடியில் இரண்டு திருகுகளை மாற்ற வேண்டும். உள்ளே ஏறுகிறவன் கண்ணில் படும்படி ‘பரிசோதனை ரகம்’ என்று இரண்டு அங்குல உயர எழுத்தில் ஒட்ட வேண்டும். பிறகு விமான ஆணையத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுச் சான்றிதழ் தர வேண்டும். முதல் இரண்டையும் ஒரு சனிக்கிழமை காலையில் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். மூன்றாவதுதான் அவர் உயிரை எடுத்தது.

விஸ்கான்சினில் ஓல்சன் கிராசிங் என்ற சின்ன ஊரில் பள்ளிப் பேருந்துகளுக்கு முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர் வெண்டல். விமானத்தை வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் பதினோரு வருஷமாகக் கட்டினார். இறக்கை வளர வளரக் கார் வெளியே போயிற்று. அவர் மனைவி லவோன் பதினோரு குளிர்காலம் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினாள். அதைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்தப் பக்கத்து ஜனங்களின் குணத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குச் சந்தோஷத்தை வெளியே காட்டுவதும் உள்ளாடையோடு தேவாலயத்துக்குப் போவதும் ஒன்றுதான். லாட்டரி விழுந்தவனை எப்படியிருக்கிறாய் என்று கேட்டால் “மோசமில்ல” என்பான். இரட்டைக் குழந்தை பிறந்தவனும் “மோசமில்ல” என்பான். வீடு எரிந்தவன் மட்டும், “இன்னும் மோசமா இருந்திருக்கலாம்” என்று கொஞ்சம் நீட்டிச் சொல்வான். இப்படிப்பட்ட ஊரில்தான் சொந்தக் கட்டுமான விமான ஆணையம் தன் மாவட்ட அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தது.

ஆய்வாளர் கிளிஃபர்ட் டிராகர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கையில் டார்ச், குச்சியில் கட்டிய கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனா. நாலு மணி நேரம் விமானத்தின் அடியிலும் மேலேயும் ஊர்ந்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அது அவருக்கு வருத்தமாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெண்டல் எழுதி வைத்திருந்த கட்டுமானக் குறிப்பேடுகளைப் பிரித்தார்.

“மிஸ்டர் ஹாகன், சட்டம் என்ன சொல்லுது? இந்த மாதிரி விமானத்த ஒருத்தர் தன்னோட படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும்தான் கட்டணும். நீங்க எதுக்குக் கட்டுனீங்க?”

வெண்டல் யோசித்தார். “பறக்கறதுக்கு.”

டிராகர் பேனாவைக் கீழே வைத்தார். “நான் அதக் காதுல வாங்கல. வாங்குனா எழுதணும். எழுதுனா உங்க விண்ணப்பம் இந்த இடத்துலயே செத்துப் போயிரும்.”

“அப்ப, படிப்புக்கு.”

“முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்கு. தகட்டுல ரிவெட் ஆணி அடிக்கறது உங்களுக்குப் புதுசா?”

“இல்ல.”

“அப்பப் படிப்பு இல்ல. மிச்சம் இருக்கறது பொழுதுபோக்கு. அதாவது மகிழ்ச்சி. அதுக்கு ஆதாரம் எங்க?”

வெண்டலின் காது மடல்கள் சூடாயின. அந்த வார்த்தையை அந்தக் கொட்டகைக்குள் யாரும் அதுவரை சத்தமாகச் சொன்னதில்லை. டிராகர் குறிப்பேட்டை உரக்கப் படித்தார். “‘இடது இறக்கை, ரிவெட் அடித்தேன். மோசமில்லை.’ ‘வால் பொருந்தியது. மோசமில்லை.’ ‘எஞ்சின் முதல்முறையாக ஓடியது. மோசமில்லை.’ பதினோரு வருஷமா இதேதான். இதுல மகிழ்ச்சி எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க.”

“எஞ்சின் ஓடுன அன்னிக்குக் கொஞ்சம் அழுத்தி எழுதியிருப்பேன்,” என்றார் வெண்டல் தயக்கமாக. “பின்பக்கம் தடவிப் பாருங்க.”

டிராகர் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு குறிப்பேடுகளில் ஒட்டியிருந்த அறுநூற்றுப் பதினான்கு புகைப்படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றே ஒன்றில்தான் வெண்டலின் பல் தெரிந்தது. ஆவலோடு, “இது என்ன?” என்றார்.

“சுத்தியல் விரல்ல பட்டுருச்சு.”

டிராகர் பெருமூச்சு விட்டார். “பாருங்க, விமானத்துல பாதிக்கு மேல நீங்களே கட்டியிருக்கணும், அது ஊருக்கே தெரிஞ்ச விதி. அதே மாதிரி, கட்டுன நேரத்துல பாதிக்கு மேல நீங்க மகிழ்ந்திருக்கணும். குறைஞ்சது ஐம்பத்தொரு சதவீதம். ஒன்னு குறைஞ்சாலும் அது பொழுதுபோக்கு இல்ல, உழைப்பு. உழைப்புன்னா நீங்க ஒரு தொழிற்சாலை. உரிமம் இல்லாத தொழிற்சாலை செஞ்ச விமானத்த என்ன பண்ணுவோம்? வெட்டிருவோம்.”

“வெட்டறதா?”

“ரம்பத்தாலதான். செலவு எங்களோடது, கவலப்படாதீங்க.”

அன்று மாலை லவோன், “வந்தவர் என்ன சொன்னார்?” என்று கேட்டாள். “மோசமில்ல,” என்றார் வெண்டல். ரம்பத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்ல அதைவிட வரவில்லை.

டிராகர் விட்டுப்போன படிவத்தில் எண்பத்து நான்கு உறுப்புகளின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘மகிழ்ச்சி, சதவீதத்தில்’ என்று ஒரு கட்டம். அதை எப்படி நிரப்புவது என்று கேட்க, உள்ளூர் விமானம் கட்டுவோர் சங்கத் தலைவர் ஜெரால்ட் ஷிம்கேயைத் தேடிப் போனார். ஷிம்கே ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடியிருந்த மதுக்கடையில் அவர் அகப்பட்டார். அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் ஊரில் எல்லோருக்கும் காது செவிடு என்பது அவர் எண்ணம்.

“வெண்டல், வால் கட்டுனப்ப எவ்ளோ சந்தோஷமா இருந்தே?” என்று அவர் கத்தியதும் கடையில் முள்கரண்டிகள் நின்றன. போதகர் வாய்க்குக் கொண்டுபோன மீன் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“மெதுவா, ஜெரால்ட்.”

“எண்பது போடறேன். பெட்ரோல் தொட்டி?”

“அந்தப் பசை நாத்தம் மூணு மாசம் மூக்க விட்டுப் போகல.”

“தொண்ணூறு. நான் என் தொட்டிக்கு ஆனந்தக் கண்ணீர் விட்டதா எழுதினேன். பசைக் கண்ணீர்தான், அவனுங்களுக்கு என்ன தெரியும்? சரி, சீட்டு தைக்கறப்ப? கூச்சப்படாம சொல்லுய்யா!”

பக்கத்து மேஜைக்காரர்கள் முட்டைக்கோஸ் கூட்டை ரொம்ப அக்கறையாகக் கிளறினார்கள். வெண்டல் தட்டைப் பார்த்தபடியே எண்பத்து நான்கு கட்டங்களுக்கும் தலையை ஆட்டிவிட்டு, பின்கதவு வழியாக வெளியேறினார். மறுநாளிலிருந்து கடைத்தெருவில் அவரைப் பார்த்தவர்கள், இழவு விழுந்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் வானிலை பேசினார்கள்.

பத்து நாளில் ஆணையத்தின் பதில் வந்தது. கூட்டிச் சராசரி பார்த்ததில் தொண்ணூற்றேழு சதவீதம் வருவதாகவும், இந்த மாவட்டத்தில் எந்தக் காரியத்துக்கும் இதுவரை இவ்வளவு மகிழ்ச்சி பதிவாகவில்லை என்பதால் சந்தேகம் எழுவதாகவும், ஆகவே விண்ணப்பதாரர் அதிகாரிகள் முன்னிலையில் நேரில் மகிழ்ந்து காட்ட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதற்காக, முடித்துவைத்த ஒரு பாகத்தைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். வலது இறக்கையின் ஓரத்தில் ஏறி இறங்கும் பலகையை ஆணையமே தேர்ந்தெடுத்திருந்தது.

அன்றைக்கு டிராகரோடு மாவட்ட அதிகாரி பெட்டினா குரோலும் வந்தார். கொட்டகைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டுமாம். மடக்கு நாற்காலியில் அமர்ந்து, குரோல் அம்மையார் ஒரு சிறு உரை ஆற்றினார்.

“மிஸ்டர் ஹாகன், பயப்படாதீங்க. நாங்க நடுநிலையானவங்க. நான் இருபத்தாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன், ஒரு நாள்கூட மகிழ்ந்ததில்ல. அதனாலதான் அடுத்தவங்க மகிழ்ச்சிய ஒரு பக்கமும் சாயாம என்னால அளக்க முடியுது. முன்னாடி எங்ககிட்ட ஒருத்தர் இருந்தார், அவருக்கு விமானம்னா உசுரு. இறக்கையத் தடவித் தடவிப் பார்ப்பார். அப்படி ஆசப்படறவர் கையில ஆய்வக் குடுக்க முடியுமா? கோப்பு அறைக்கு மாத்திட்டோம். இப்ப அவரும் சரியாயிட்டார். ஆரம்பிங்க.”

வெண்டல் துளைபோடும் கருவியை எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தட்டித் தடவிப் பார்த்து அடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு சிரிப்பு. டிராகர் கையில் வினாடி அளக்கும் கடிகாரம்.

“இது மரியாதைச் சிரிப்பு,” என்றார் டிராகர். “செல்லாது. எனக்கே வீட்டுல பழக்கம்.”

வெண்டல் இன்னும் கொஞ்சம் உதட்டை விரித்தார்.

“இது பல்வலி.”

தெருவில் நாயோடு போய்க்கொண்டிருந்த போதகரின் மனைவி நின்றாள். எதிர்ச்சாரிப் பெட்ரோல் நிலையத்துக்கு வந்தவர்களும் நின்றார்கள். நன்றாக இருக்கிற ஒரு பலகையைக் கிழவர் பிரித்துக்கொண்டே பல்லைக் காட்டுவதையும் இரண்டு பேர் அதைக் குறித்துக்கொள்வதையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்கள். யாராவது கேட்டுத் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று வெண்டலுக்கு இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு அந்தக் கொட்டகையில் இருக்கக் கூசியது. சமையலறை ஜன்னல் திரை அசைந்ததையும் பார்த்தார். பார்க்காததுபோல் அடுத்த ரிவெட்டைத் துளைத்தார்.

மொத்தம் பதினொரு சதவீதம் தேறியது. அதில் ஏழு, கடைசி ரிவெட் அடித்ததும் ‘அப்பாடா’ என்று அவர் விட்ட மூச்சுக்குக் கிடைத்தது.

“இன்னும் ஒரே ஒரு வழிதான் இருக்கு,” என்றார் குரோல், நாற்காலியை மடக்கியபடி. “ஒரே வீட்டுல கூட இருக்கறவங்க நேர்ல வந்து சாட்சி சொல்லணும். உங்களுக்கு மனைவி இருக்காங்கல்ல?”

அன்று லவோன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது வெண்டல் சமையலறை வாசலில் நின்றார். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவளிடம் இவ்வளவு பெரிய விஷயம் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கே அவள்தான் முதலில் பேச்செடுத்தாள்.

“லவோன், ஆபீஸ்ல வந்து நீ ஒரு வார்த்த சொல்லணும். நான் கொட்டகையில... சந்தோஷமா இருந்தேன்னு. இல்லேன்னா வெட்டிருவாங்களாம்.”

கத்தி கொஞ்ச நேரம் நின்றது. “உள்ளத உள்ளபடி சொன்னாப் போதுமா?”

“போதும்.”

“சரி,” என்றாள். மறுபடி சீவத் தொடங்கினாள்.

விசாரணை, ஊர்க்கோடியில் உள்ள சின்ன விமானத்தளத்தின் கூட்ட அறையில் நடந்தது. லவோன் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைத் துண்டு கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்குக்கூட யாரும் வெறுங்கையோடு போவதில்லை. அது லஞ்சமா என்று இரு அதிகாரிகளும் ஐந்து நிமிஷம் விவாதித்தார்கள். சாட்சியப் பொருள் என்று பதிவு செய்துகொண்டு, பரிசோதிப்பதற்காக ஆளுக்கு இரண்டு தின்றார்கள்.

“மிஸஸ் ஹாகன்,” என்றார் குரோல், வாயைத் துடைத்தபடி. “உங்க கணவர் விமானம் கட்டுறப்ப மகிழ்ச்சியா இருந்தாரா?”

“ஆமா.”

“எப்படித் தெரியும்?”

“முணுமுணுப்பார். பாட்டு.”

வெண்டல் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு விஷயம் அவருக்கே தெரியாது.

“சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு,” என்றாள் லவோன். கைப்பையின் கொக்கியைப் பார்த்துத்தான் பேசினாள். “கூப்பிட்டா வரமாட்டார். தட்டுல வெச்சு மூடி நானே கொண்டுபோவேன். கதவு சாத்தியிருக்கும். உள்ள பாட்டு கேக்கும். முதல்ல ரேடியோன்னு நெனச்சேன். அப்புறம்தான் இவர்னு புரிஞ்சுது. கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, தட்டத் திருப்பிக் கொண்டுபோய் அடுப்புல வெச்சுருவேன், சூடா இருக்கட்டும்னு.”

“ஏன் கதவத் தட்டல?”

“தட்டுனா நிறுத்திருவார்.”

“அது எப்படித் தெரியும்?”

“ஒரு தடவ தட்டுனேன்.”

டிராகரின் பேனா பறந்தது. “குளிர்காலத்துலயும் நின்னீங்களா?”

“குளிர்காலத்துல சீக்கிரம் திரும்பிருவேன்.”

குரோல் அம்மையார் முன்னால் சாய்ந்தார். வேட்டை நாய்க்கு வாடை கிடைத்தது மாதிரி அவர் மூக்கு விரிந்தது. “இது முக்கியமான கேள்வி, நிதானமா சொல்லுங்க. வீட்டுக்குள்ள முணுமுணுப்பாரா?”

“இல்ல.”

“எப்பவாவது? கல்யாணத்தன்னிக்கு?”

“இல்ல.”

“குழந்த பிறந்தப்ப?”

“ரெண்டு தடவையும் இல்ல.”

“பிரமாதம்!” குரோல் மேஜையைத் தட்டினார். “டிராகர், எழுதிக்கோங்க. வீட்டுல பூஜ்யம், கொட்டகையில நூறு. இவ்ளோ சுத்தமான ஒப்பீடு என் சர்வீஸ்லயே கிடைச்சதில்ல. மிஸஸ் ஹாகன், உங்கள மாதிரி எல்லா மனைவியும் ஒத்துழைச்சா எங்க வேல எவ்ளோ சுலபமாயிரும்! பல பேர் வந்து, வீட்டுலயும் நல்லாத்தான் இருப்பார்னு சொல்லிக் குழப்பிருவாங்க.”

“இல்லாததச் சொல்ல முடியாதுல்ல,” என்றாள் லவோன்.

“மிஸ்டர் ஹாகன், எழுந்திருங்க. உங்க மனைவி சொன்னது உண்மையா? உண்மைன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா ரம்பம்.”

வெண்டல் எழுந்து நின்றார். “எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்ல.”

“தெரியாதுங்கறதுக்குப் படிவம் இல்ல. ஆமாவா, இல்லையா?”

இல்லை என்றால் அவளைப் பொய்க்காரி ஆக்கியதாகும், விமானமும் போய்விடும். ஆமாம் என்றால், மூடிய தட்டோடு கதவுக்கு வெளியே நின்ற அத்தனை மாலைகளுக்கும் அவள் முகத்துக்கு நேரே ஆமாம் சொன்னதாகும். அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பிறகு அது பொய் நினைப்பு என்று அவருக்கே தெரிந்தது. இறக்கை அறுபடும் சத்தம் இப்போதே காதில் கேட்டது.

“ஆமா,” என்றார்.

முத்திரை விழுந்தது. பாராட்டுக் குறிப்போடு சான்றிதழ் கைக்கு வந்தது. முப்பத்தொரு வருஷ வேலையில் எண்ணெய்க் கறையோடு எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறார். இப்படி அழுக்காக ஒருபோதும் உணர்ந்ததில்லை. அதைவிடக் கேவலம், அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. விமானம் பிழைத்துவிட்டது என்ற நிம்மதி. லவோன் காலித் தட்டை எடுத்துக்கொண்டு, “போலாமா?” என்றாள். வீடு வரைக்கும் காரில் இருவரும் சோளப் பயிரைப் பற்றிப் பேசினார்கள்.

முதல் நாற்பது மணி நேரம் விமானத்தில் தனியாகத்தான் பறக்க வேண்டும், வேறு ஒருவரையும் ஏற்றக் கூடாது என்பது விதி. அடுத்த வாரம் ஒரு காலையில் வெண்டல் தளத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனார். டிராகர் வந்திருந்தார். ஷிம்கே, விமானி பேசுவதைக் கேட்கும் கையடக்க வானொலியோடு வந்திருந்தார். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். லவோன் கொஞ்சம் தள்ளி, கோட்டுப் பையில் கை விட்டபடி நின்றாள்.

ஓடுபாதை கீழே நழுவியது. சக்கரங்களின் அதிர்வு நின்றது. பதினோரு வருஷமாகக் கொட்டகையில் கிடந்த பொருள் இப்போது கைக்குள் லேசாக, உயிரோடு இருந்தது. பால் பண்ணைகளும் ஏரியும் சாய்ந்து சாய்ந்து வந்தன. எல்லாம் சரியாக இருந்தது. எண்ணெய் அழுத்தம் சரி, வேகம் சரி. வலது பலகைகூட, அந்தக் கேடுகெட்ட நாளில் திரும்ப அடித்த பலகை, ஒழுங்காக ஏறி இறங்கியது.

அப்போதுதான் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் யாரோ ஒருவன் பாட்டு முணுமுணுப்பது அவருக்குக் கேட்டது. பக்கத்துத் தளத்து விமானி எவனோ என்றுதான் முதலில் நினைத்தார். எரிச்சலாகக்கூட இருந்தது. எரிச்சல்பட்டு வாயை இறுக்கினார், பாட்டு நின்றது.

பாடியது அவர்தான். குனிந்து பார்த்தார். ஓட்டும் பிடியை இறுகப் பற்றியிருந்த கையின் கட்டைவிரல், பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கிளம்பியதிலிருந்தே இருக்கலாம். கீழே ஷிம்கேயின் கையில் இருந்த வானொலி, அவருக்குக் காது மந்தம் என்பதால், எப்போதும் முழுச் சத்தத்தில்தான் இருக்கும்.

இறங்கி எஞ்சினை அணைத்தபோது யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷிம்கேகூட வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில், “நல்லா இறக்குன, வெண்டல்,” என்றார். லவோன் இறக்கை ஓரமாக வந்து நின்றாள்.

“லவோன்,” என்றார் வெண்டல்.

“அது என்ன பாட்டு?” என்று கேட்டாள். “கதவுக்கு வெளிய நின்னு கேட்டதுல கடைசி வரைக்கும் பிடிபடவே இல்ல. இன்னிக்காவது தெரியும்னு பார்த்தேன், எஞ்சின் சத்தத்துல போயிருச்சு.”

வெண்டல் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். “தெரியல.”

“சரி. இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் நீங்க தனியாத்தான போகணும். கேட்டுட்டு வந்து சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. திரும்பிக் காரை நோக்கி நடந்தாள். வெண்டல் விமானத்தின் உள்ளே பாதி, வெளியே பாதியாக நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிராகர் படிவத்தோடு வந்தார். முதல் பறப்பு முடிந்ததும் விமானியின் மனநிலையைப் பதிவு செய்ய வேண்டும். அதில் ‘மகிழ்ச்சி’, ‘மிகுந்த மகிழ்ச்சி’ என்று இரண்டே கட்டங்கள் இருந்தன.

“எதுல போடட்டும், மிஸ்டர் ஹாகன்?”

வெண்டல் காரின் பக்கமே திரும்பியிருந்தார். டிராகர் பூதக்கண்ணாடியை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது நுனி வரைக்கும் முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது, கண் ஓரம் ஈரமாக இருந்தது. டிராகர் திருப்தியாகத் தலையை ஆட்டி, இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார்.